கிழங்குக்கு மஞ்சள் நீராட்டு

அக்கா, சலங்கை கட்டின கால் ஒன்று வாசலில் நின்று உதறிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். ஒரு தரம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கோயிலில் சாயங்காலச் செபமணி அடித்து ஓய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஆனால் ஆவணி மாதம் எங்கள் மலையில் அந்த நேரத்துக்கே கையை நீட்டினால் கை தெரியாது. நான் உள்ளறையில் இம்மாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்னறைக் கதவு திறந்து கிடந்தது.

மறந்துபோய்த் திறந்து கிடந்தது என்று நினைக்காதீர்கள். நானே திறந்து வைத்தேன். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தேன். அதுவும் நான்.

போன மாதம் வத்தலக்குண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இம்மாவை மடியில் வாங்கிக்கொண்டு கேட்டீர்களே, “தனியாவா இருக்க? அந்த மலையிலயா? பயமா இருக்காதா?” என்று. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், உங்கள் ஊர் வந்துவிட்டது. இறங்கும்போது முகவரி சொல்லி, எழுது என்றீர்கள். பேச்சுக்குச் சொன்னீர்களோ என்னவோ. நான் எழுதுகிறேன். இம்மா தூங்கிவிட்டாள். கை முழுக்க மண், எவ்வளவு கழுவியும் நகத்தில் நிற்கிறது. காகிதத்தில் கறை இருந்தால் மன்னியுங்கள்.

பயம் எனக்கு உண்டு. பல்லிக்குப் பயம். பாம்புக்குப் பயம். பாம்பு மாதிரிக் கிடக்கும் கயிற்றுக்குப் பயம். தெரியாத ஆளுக்குப் பயம், தெரிந்த ஆள் தெரியாத நேரத்தில் வந்தால் அவருக்கும் பயம். நான் படித்தது கான்வென்ட் விடுதியில். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள். எல்லாரும் படுத்த பிறகு சிஸ்டர் எமரன்சியா பெரிய கதவைச் சாத்திச் சாவியைத் திருப்புவார். அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்குக் கண் மூடும். நானே கதவைப் பூட்டினால் தூக்கம் வராது, அக்கா. சரியாகப் பூட்டினேனா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். வேறு யாராவது பூட்ட வேண்டும்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் கடைசியாகத் திரும்புகிற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அவர் பெயர் அருளப்பன். காய்கறி லாரி ஓட்டுகிறார். கேரட், கோசு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று லாரிக்கே தெரியாது. மாமனார் மாமியார் இல்லை. வீட்டுக்குக் கீழே சரிவில் ஒரு காடு. காடு என்றால் மரமும் புலியும் இல்லை, விளைநிலத்தை இங்கே காடு என்பார்கள். முதலில் எனக்கும் தெரியாமல், காட்டுக்குப் போகலாம் வா என்றதும் அழுதேன்.

அந்தக் காட்டை இத்தனை காலமும் குத்தகைக்குப் பிடித்து விவசாயம் பார்த்தது என் நாத்தனார் வீடு. செசிலி மதினி, அவருடைய அக்கா. பக்கத்து வீடு. நடுவில் ஒரு பேரிக்காய் மரம்தான் வேலி. இந்த வருஷம் என் வீட்டுக்காரர் காட்டைத் திரும்ப வாங்கினார். ஒரு போகம் நாமே உருளை போடுவோம், வந்தால் இங்கேயே இருப்போம், வராவிட்டால் காட்டை அக்கா வீட்டுக்கே விட்டுவிட்டு நீயும் பிள்ளையும் வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடுங்கள், நான் லாரி அந்தப் பக்கம் வரும்போது வந்து பார்க்கிறேன் என்றார்.

கீழே இறங்குவது எனக்குத் தண்டனையே இல்லை. எங்கள் அம்மா வீட்டில் கிரில் கேட், அதற்குப் பின்னால் கதவு, கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். ராத்திரி முழுக்கப் பஸ் சத்தம். சொர்க்கம். ஆனால் அவர் விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போவார். இம்மா அவரைப் பார்த்து அழுவாள். அது ஒன்று. இன்னொன்று, போகட்டும், இறங்குவதாக இருந்தால் ஜெயித்துவிட்டு இறங்க வேண்டும். மதினி முன்னால் தோற்றுப்போய் மூட்டை கட்டக் கூடாது.

விதைக்கிழங்கு மூட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டு, முளை கட்டினதும் மதினியிடம் சொல்லு, ஆள் சேர்த்து நட்டுத் தருவாங்க என்று சொல்லிவிட்டு லாரி ஏறிவிட்டார். நான் மதினியிடம் சொல்வேனா?

நானே இறக்கினேன். பிரித்ததும் தூக்கிவாரிப் போட்டது. கிழங்குக்கெல்லாம் விரல் முளைத்திருந்தது. வெளுத்து, நீண்டு, நுனி மட்டும் ஊதாவாக. முளை என்றால் பச்சைப்பயறு முளைக்கிற மாதிரிச் சின்னதாக, லட்சணமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது கெட்டுப்போனது. கான்வென்ட் சமையலறையில் இப்படி ஒரு கிழங்கைக் கண்டால் சிஸ்டர் விடமாட்டார். விஷம், கிள்ளிப் போடு, நன்றாகக் கழுவு என்பார். நான் இம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்று விடாமல் கிள்ளினேன். பெரிய அண்டாவில் தண்ணீர் பிடித்து, கிருமி போகட்டும் என்று மஞ்சள்தூள் கலக்கி, தேய்த்துக் கழுவினேன். கிழங்கு எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரு நிம்மதி.

அப்போதுதான் மதினி வந்தார்.

“என்னா ஆத்தா பண்ற?”

“கிழங்கு கழுவறேன் மதினி.”

“கறிக்கா?”

“விதைக்கு.”

அண்டாவைப் பார்த்தார். முறத்தில் குவிந்து கிடந்த முளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. இம்மாவும் சேர்ந்து சிரித்தாள், அவளுக்கு யார் சிரித்தாலும் போதும்.

“மஞ்சத் தண்ணி வேற ஊத்திருக்க. வயசுக்கு வந்துருச்சா? தாய்மாமனுக்குச் சொல்லி விடவா?”

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் மிக்கேல் அண்ணனை, அவர்தான் மதினியின் வீட்டுக்காரர், சீர் எப்போது கொண்டுவர என்று கேட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன்னால் மண்டியிட்டிருந்த பெண்களின் முதுகெல்லாம் குலுங்கியது. கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை, எழுபது வயதுக்காரர், என்னிடம் வந்து பந்தல் எங்கே போடுவதாக உத்தேசம் என்று விசாரித்தார்.

ஆனால் அன்றைக்கு மதினி சிரித்து முடித்ததும் முகம் மாறியது. நனைந்த கிழங்கு மூட்டையில் கிடந்தால் அழுகிவிடும், வெளியே காயவைக்க மழை விடாது, முன்னறையில் பரப்பு, ஒன்றின் மேல் ஒன்று படக் கூடாது, கதவைச் சாத்தாதே, சாத்தினால் அறையே வேர்த்துப் போகும் என்றார். ராத்திரியுமா என்று கேட்டேன். ராத்திரியும்தான் என்றார். இனி முளைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, எதற்கும் பரப்பு என்று சொல்லி, தானே முந்தானையைச் செருகிக்கொண்டு பரப்ப ஆரம்பித்தார்.

நீங்களே சொல்லுங்கள். கிழங்கு அழுகினால் காடு யார் வீட்டுக்குப் போகும்? அவர் வீட்டுக்கு. பிறகு இந்த அக்கறை எதற்கு? நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். கதவைத் திறந்து போட வைத்து, என்னைப் பயம் காட்டி மலையிறக்கப் பார்க்கிறார். சரி, திறந்து போடுகிறேன், யார் இறங்குகிறார்கள் பார்ப்போம் என்று திறந்து போட்டேன்.

அன்றைக்குத்தான் அந்தச் சலங்கைச் சத்தம்.

நான் கம்பளிக்குள் புகுந்து, இம்மாவையும் உள்ளே இழுத்துக்கொண்டு செபமாலை சொன்னேன். பத்து மணி உருட்டினால் அடுத்த பத்துக்குப் போக வேண்டும், நான் போகவில்லை, அதே மணியில் சுற்றிச் சுற்றி நின்றேன். வெளியே சலங்கை நின்று ‘கறுக் கறுக்’ என்று கடிக்கிற சத்தம். மோகினி பச்சைக் கிழங்கு தின்னுமா என்ற யோசனை எனக்கு விடிந்த பிறகுதான் வந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் சில கிழங்குகள் பாதி பாதியாகக் கிடந்தன. வாசற்படியில் ஒரு முள். கறுப்பும் வெள்ளையுமாக, ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி நீளம்.

“முள்ளம்பன்னி,” என்றார் மதினி. “கோவம் வந்தா வாலைச் சிலிர்த்து ஆட்டும். அதுக்குப் போயா மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?”

சிஸ்டர் எமரன்சியா பேய் கிடையாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். முள்ளம்பன்றி கிடையாது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

மிக்கேல் அண்ணன் வாசலின் கீழ்ப்பாதிக்குக் குறுக்கே ஒரு பலகையை அடித்துக் கொடுத்தார். காற்று மேலே வரும், பன்றி கீழே வராது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலகையை மனுஷன் தாண்டலாமே? அதை நினைத்துக்கொண்டே படுத்தேன். கொஞ்ச நேரத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எட்டிப் பார்த்தால் மதினி. பலகைக்கு வெளியே கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கம்பளியைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கையில் டார்ச்சும் ஒரு தகரமுமாக உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது டார்ச்சை அடித்து என் கிழங்குகளைப் பார்த்தார்.

வேவு பார்க்கிறார், அக்கா. எது முளைக்கவில்லை, எது அழுகுகிறது என்று. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஏன் மதினி பனியில் உட்காருகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். மூட்டு வலி, படுத்தால் முடியவில்லை, உட்கார்ந்தால்தான் தேவலாம் என்றார். மூட்டு வலி இருப்பது உண்மைதான். ஆனால் அவர் வீட்டிலேயே உட்காரலாமே? ஒன்று சொல்ல வேண்டும், வேவு பார்த்தாலும் நடுநடுவே தகரத்தைத் தட்டிச் சலங்கையை விரட்டினார். அந்தச் சத்தத்தில் எனக்கு எப்படியோ நல்ல தூக்கம் வந்துவிடும்.

கிழங்கு அழுகவில்லை. தோல் காய்ந்து சுருங்கியது. பிறகு ஒருநாள் காலையில் இம்மா தவழ்ந்து போய் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். பிடுங்கிப் பார்த்தேன். முளை. ஆனால் பழைய மாதிரி ஒற்றை விரல் இல்லை. கட்டைகுட்டையாக, பச்சையும் ஊதாவுமாக, ஒரே கிழங்கில் நாலு பக்கமும். அடுத்ததை எடுத்தேன். அதிலும் அப்படியே. அறை முழுக்க அப்படியே.

மதினியைக் கூப்பிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கூப்பிட்டேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் தாம்பாளம். அதில் வாழைப்பழம், பூ, கண்ணாடி வளையல், ஒரு ரவிக்கைத் துணி. கிழங்குகளுக்கு முன்னால் வைத்துவிட்டு, அத்தை வீட்டுச் சீர் என்றார். நான் சிரித்துவிட்டேன். ரவிக்கைத் துணி எனக்கு எடுப்பான நிறம்தான், பச்சை. கிழங்கு எங்கே ரவிக்கை போடப்போகிறது.

நடவுக்கு ஊர்ப் பெண்கள் வந்தார்கள். இங்கே கூலிக்கு இல்லை, கைமாற்று. நீ என் காட்டுக்கு ஒரு நாள் வந்தால் நான் உன் காட்டுக்கு ஒரு நாள். நான் யார் காட்டுக்கும் போனதில்லையே, எப்படி வருவார்கள் என்று பயந்தேன். அத்தனை பேரும் வந்தார்கள். மஞ்சள் நீராடின கிழங்கைப் பார்க்காமல் விடுவார்களா? பெரிய கிழங்கைப் பாளம் பாளமாக வெட்டி, வெட்டின வாயில் சாம்பல் தடவி நடுவதுதான் இங்கே வழக்கம். நான் வெட்ட விடவில்லை. இத்தனை முளை வைத்திருக்கிறதை எப்படி வெட்டுவது? விதை வீண் என்று முனகினார்கள். வரிசை கோணக் கூடாது என்று நான் நூல் பிடித்தேன், எம்பிராய்டரிக்குக் கோடு போடுகிற மாதிரி. “டீச்சர், என் கிழங்கு லைன்ல நிக்குதா?” என்று ஒருத்தி கேட்க, காடே சிரித்தது. முளை மேலே பார்க்க ஒவ்வொன்றையும் படுக்கவைத்து மண்ணை மூடும்போது, இம்மாவைத் தூங்கவைத்துப் போர்த்துகிற மாதிரியே கை போனது.

நட்டு முடித்ததும் முன்னறை காலி. அன்றைக்கே கதவைத் தாழ் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்டால் காட்டுச் சத்தம் கேட்காது. காட்டுப்பன்றி வந்தால் யார் விரட்டுவது? ராத்திரி ஏதாவது சரசரத்தால் நான் தட்டும் கரண்டியுமாகப் பேரிக்காய் மரம் வரைக்கும் ஓடிப் போய்த் தட்டுவேன். அந்தப் பக்கத்திலிருந்து மதினி தகரத்தைத் தட்டுவார். தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவோம். இருட்டில் தனியாக வெளியே போவதென்றால் எனக்கு இன்றைக்கும் பயம்தான், அது வேறு விஷயம்.

செடி வந்தது. ஒரு கிழங்குக்கு ஒரு தண்டு இல்லை, கொத்துக் கொத்தாக வந்தது. வேரில் மண் அணைத்தோம். ஐப்பசிப் பனியில் இலை கருகும் என்றார்கள், மருந்து அடித்தோம். இம்மா அந்தக் காட்டு வரப்பைப் பிடித்துக்கொண்டுதான் முதன்முதலாக நின்றாள். பூ பூத்தபோது ஊரே வந்து பார்த்தது. பூவை வைத்துக் கிழங்கைச் சொல்ல முடியாது என்று மதினி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் என்னைப் பஸ்ஸில் பார்த்தது அப்போதுதான். அம்மா வீட்டுக்கு நாலு நாள் தங்கப் போனவள், மறுநாளே திரும்பிவிட்டேன். கிரில் கேட்டுக்குள் எனக்குத் தூக்கமே வரவில்லை. பஸ் சத்தம்.

இன்றைக்குத்தான் தோண்டினோம்.

முதல் செடியை மிக்கேல் அண்ணன் கொத்தினார். எல்லாரும் சுற்றி நின்றோம். மண்ணைப் புரட்டினார். கிழங்கு. ஆனால் சின்னச் சின்னதாக. கோழிமுட்டை அளவு. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. அடுத்த செடி, அடுத்த செடி, எல்லாம் அப்படியே. சந்தையில் கைக்கு அடங்காத கிழங்குக்குத்தான் மதிப்பு என்று எனக்கே தெரியும். அம்மா வீட்டுக் கிரில் கேட் கண் முன்னால் வந்து நின்றது. இதைத்தானே ஆசைப்பட்டேன்? ஆனால் சந்தோஷமே வரவில்லை, அக்கா. மதினி சிரிப்பார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தார். தோற்றவளைப் பார்க்க அவருக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

மிக்கேல் அண்ணன் மட்டும் கொத்துவதை நிறுத்தவே இல்லை. ஒரு செடியடியில் வந்ததைத் தனியாகக் கூட்டினார். கூட்டக் கூட்ட வந்துகொண்டே இருந்தது. ஒரு கூடை நிரம்பிவிட்டது போல எனக்குத் தோன்றியது. அவர் ஒரு கிழங்கை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பேசவே மாட்டார் மனிதர். பேசினார்.

“இது கறிக்கு இல்ல. விதைக்கு.”

அப்புறம்தான் மற்றவர்களும் குனிந்தார்கள். விதைக்கென்று மலை மலையாகத் தேடி வாங்குவது இந்த அளவைத்தானாம். வெட்டவும் வேண்டாம், வீணும் இல்லை. கிழங்கு லைனில் நிற்கிறதா என்று கேட்டவளே முதலில் முந்தானையை விரித்து, எனக்கு இதிலிருந்து விதை வேண்டும் என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக. எல்லாருக்கும் தருகிறேன் என்று சொன்னேன்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மதினி மட்டும் நின்றார். பேரிக்காய் மரத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே இங்கே பார்த்தார்.

“ஏ பெர்னா. அன்னிக்கு மஞ்சள் எவ்வளவு போட்ட?”

என் முழுப்பெயர் பெர்னதெத். அதைச் சுருக்கி அன்பாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இல்லை, முன்பும் கூப்பிட்டிருக்கலாம், நான் கவனித்திருக்க மாட்டேன். ஒரு கை போட்டேன் என்றேன். உன் கையா, என் கையா என்று கேட்டார். அளவு காட்டினேன். முளையைக் கிள்ளினதால்தான் கொத்தாக வந்தது, மஞ்சளாவது மண்ணாவது என்று மிக்கேல் அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். மஞ்சள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சுத்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கோயில் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் அவரிடம் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்றார். கீழே இறங்குவது பற்றிக் கேட்டார். எப்படி இறங்க முடியும்? அடுத்த போகத்துக்கு ஊர் முழுக்க முளை கிள்ள வேண்டும், அவர்களாகக் கிள்ளினால் நகம் பட்டுவிடும். இறங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது முன்னறையில் கிழங்கு குவிந்து கிடக்கிறது. இதற்குக் காற்று வேண்டும், ஆனால் வெளிச்சம் ஆகாது. பட்டால் பச்சையாகிவிடும். அதனால் ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, கதவைச் சாத்திவிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் மதினி தலையணையும் கம்பளியுமாக வந்தார். தனக்கென்று சொல்லி வைத்த விதை மூட்டையை நான் வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவேனாம், கூடவே படுத்தால்தான் சரிப்படுமாம். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள். குவியலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, இம்மாவையும் என்னிடமிருந்து வாங்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

இதோ, அங்கிருந்து சத்தம் போடுகிறார். “இன்னும் என்னா எழுதுற? வெளக்க அணை. கிழங்கு மேல படுது.”

இதோ மதினி, முடித்துவிட்டேன் என்கிறேன்.

“கதவுக்குத் தாழ் போட்டியா?”

போடவில்லை, அக்கா. நினைப்பே வரவில்லை. எழுந்திருக்கப் போனேன். படு, நான் போடுகிறேன் என்று முனகிக்கொண்டே அவர் எழுந்திருக்கிறார். முட்டி சொடுக்குகிறது. அரை இருட்டில் கிழங்கு மிதிபடாமல் மெல்ல அடி வைக்கிறார். ஆவணியிலிருந்து யாரும் தொடாத தாழ்ப்பாள், துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒரு தரம் இழுக்கிறார், வரவில்லை. தோளைக் கொடுத்து இழுக்கிறார். கிறீச்சென்று நகர்ந்து, டக்கென்று போய் உட்காருகிறது.